லாரி ஹாரன் இல்லாத சாலை: கிராவல் சைக்கிளிங் என்றால் என்ன, நமக்கு அது எங்கே கிடைக்கும்?

ஆற்றை ஒட்டிய மலையிடுக்கில், கார், பைக் எதுவுமே வராத மண் பாதையில் நாள் முழுக்க சைக்கிள் மிதிப்பது வெளிநாடுகளில் பெரிய டிரெண்ட். நியூசிலாந்தில் இது எப்படி சாத்தியமானது? காவிரிக் கரையில் அப்படி ஓட்ட முடியுமா? பெரும்பாக்கத்தில் இருப்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணி இருக்கும். பெரும்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் பக்கம் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். இந்த நேரத்தில் ரோடு காலியாக இருக்கும் என்று நம்பித்தானே எல்லோரும் கிளம்புகிறோம்? ஆனால், அதே நம்பிக்கையில் கிளம்பும் இன்னொரு வண்டி உண்டு. தண்ணி லாரி.

பின்னாலிருந்து ஒரே ஒரு ஹாரன். அடுத்த நொடி என் வலது முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் லாரி கடந்துபோனது. பயத்தில் ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பினேன். தார் முடிந்து மண் தொடங்கும் அந்த ஓரத்தில் சைக்கிள் இறங்கியது, மெல்லிய டயர் மணலில் புதைந்தது, நான் கீழே. முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அதிர்ஷ்டம்.

மருந்து போடும்போதுதான் ஒன்று உறைத்தது. என்னை விழவைத்தது லாரி மட்டும் இல்லை, என் டயரும்தான். 25 மில்லிமீட்டர் அகல டயர் தார் ரோட்டை விட்டு இறங்கவே இறங்காது. அப்படியென்றால், லாரி எங்கே போகிறதோ அங்கேதான் நானும் போயாக வேண்டும். மண் ரோட்டில் ஓடும் சைக்கிள் என்று ஒன்று இருந்தால்? அப்படித் தேட ஆரம்பித்து வந்து நின்ற இடம்தான் கிராவல் சைக்கிளிங்.

இது வெறும் வீக் எண்டு பொழுதுபோக்கு சமாச்சாரம் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் சைக்கிளில் போனவர்கள் சுமார் 4,800 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான். 2024 பிப்ரவரியில் நவி மும்பையில் காலை நேரத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த அவதார் சைனி, கார் மோதி இறந்தது ஐடி துறையில் பலருக்கும் நினைவிருக்கும். இன்டெல் இந்தியாவின் தலைவராக இருந்தவர், பென்டியம் பிராசஸர் வடிவமைப்பில் பங்காற்றியவர். ஹெல்மெட், லைட், அதிகாலை நேரம் என்று எல்லாம் சரியாகச் செய்தாலும், பக்கத்தில் வேகமாக ஒரு வண்டி போகும்வரை ஆபத்து ஆபத்துதான்.

கிராவல் என்றால் லாரியில் வரும் மண்தானே?

ஆமாம், அதேதான். நம்ம ஊரில் கிராவல் என்றால் வீட்டு மனையை மேடாக்கவும், புது ரோட்டுக்கு அடியில் நிரப்பவும் லோடு லோடாகக் கொட்டும் சிவந்த மண். சின்னச் சின்னக் கல் கலந்திருக்கும். தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினால் கெட்டியாக உட்கார்ந்துவிடும். கிராமத்தில் பஞ்சாயத்து ரோட்டுக்கு 'கிராவல் ரோடு' என்ற பேர் நமக்குப் புதுசே இல்லை.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதே சொல்தான், பொருளும் கிட்டத்தட்ட அதேதான்: தார் போடாத, ஆனால் கெட்டிப்பட்ட சரளைக்கல் சாலை. பண்ணைகளுக்கும் காடுகளுக்கும் நடுவே போகும் இந்தச் சாலைகளில் வண்டி அபூர்வம். அதில் நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுவதுதான் கிராவல் சைக்கிளிங். மலையில் பாறைக்குப் பாறை தாவும் மவுன்டன் பைக்கிங்கும் இல்லை, தார் ரோட்டில் சீறும் ரோடு ரேஸிங்கும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம்.

இதைப் பிரபலமாக்கியதில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே எம்போரியா என்ற சின்ன ஊரில் 2006-ல் 34 பேரோடு தொடங்கிய 200 மைல் போட்டி, இன்று 'அன்பவுண்ட் கிராவல்' என்ற பெயரில் உலகம் முழுவதும் இருந்து ஆயிரக்கணக்கானவர்களை இழுக்கிறது. 200 மைல் என்றால் சுமார் 322 கிலோமீட்டர், அதுவும் கூர்மையான கற்கள் மேல், ஒரே நாளில்! 2022-ல் சர்வதேச சைக்கிளிங் கூட்டமைப்பு இதற்கென்று தனி உலக சாம்பியன்ஷிப்பையே இத்தாலியில் தொடங்கிவிட்டது.

சைக்கிளில் என்ன வித்தியாசம்?

பார்க்க ரோடு பைக் மாதிரியே வளைந்த ஹேண்டில்பார் இருக்கும். விஷயம் டயரில். ரோடு பைக்கின் டயர் பொதுவாக 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலம். கிராவல் பைக்கில் 38 முதல் 50 மில்லிமீட்டர் வரை போகும். டயர் அகலமானால் காற்றைக் குறைத்து வைக்கலாம். ரோடு டயரில் 80, 90 பிஎஸ்ஐ அடிக்கும் ஒருவர், கிராவல் டயரில் 35, 40 பிஎஸ்ஐ வைத்தால் போதும்.

காற்று குறைந்தால் என்ன ஆகும்? கல்லின் மேல் ஏறும்போது டயர் துள்ளாமல் கல்லைச் சுற்றி அமுங்கிக்கொள்ளும். பிடி கிடைக்கும், அதிர்வு கைக்கும் முதுகுக்கும் வராது. மணலில் புதையவும் செய்யாது. கூடவே, செங்குத்தான மண் ஏற்றத்தில் கால் சுழலும் அளவுக்கு லேசான கியர், ஈரத்திலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக். இவ்வளவுதான் ரகசியம்.

பல கிராவல் பைக்குகளில் டியூப் இருக்காது. டயருக்குள் பால் போன்ற ஒரு திரவம் ஊற்றியிருப்பார்கள். சின்ன ஓட்டை விழுந்தால் அதுவே போய் அடைத்துக்கொள்ளும். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது, கட்டுரையில் சீமைக் கருவேலம் வரும்போது புரியும்.

நியூசிலாந்து: ரயில் போன தடத்தில் சைக்கிள்

அகலமான டயர் வாங்கிவிட்டால் லாரியிலிருந்து தப்பித்துவிடலாமா? இல்லை. வண்டி வராத பாதையும் வேண்டும். அது தானாக அமையாது, யாராவது உருவாக்க வேண்டும். அதற்கு உலகம் காட்டும் நல்ல உதாரணங்களில் ஒன்று, நியூசிலாந்தின் தென் தீவில் இருக்கும் சென்ட்ரல் ஒடாகோ. வறண்ட மலை, பாறை, அதைப் பிளந்துகொண்டு ஓடும் கிளூத்தா ஆறு. 1862-ல் இந்த ஆற்றின் மலையிடுக்கில் தங்கம் கிடைக்க, கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். பின்னாலேயே ரயிலும் வந்தது. 1907-ல் கிளைடு என்ற ஊரையும், 1921-ல் குரோம்வெல் ஊரையும் ரயில் பாதை தொட்டது.

தங்கம் தீர்ந்தது, லாரிகள் வந்தன, ரயிலுக்கு வேலை குறைந்தது. கிளைடில் பெரிய அணை கட்டத் திட்டமிட்டபோது, மலையிடுக்கு வழியாகப் போன கிளைடு - குரோம்வெல் பாதையை 1980-ல் மூடினார்கள். 1990-ல் கிளைடிலிருந்து மிடில்மார்ச் வரையிலான மீதிப் பாதையும் மூடப்பட்டது.

இங்கேதான் கதை திரும்புகிறது. கைவிட்ட ரயில் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிடாமல், 1993-ல் நியூசிலாந்து அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை மொத்தமாக எடுத்துக்கொண்டது. தண்டவாளமும் கட்டையும் போன தடத்தில் சரளை போட்டுச் சமப்படுத்தினார்கள். பாலங்களுக்குப் பலகைத் தளமும் கைப்பிடியும் வந்தன. உள்ளூர்க்காரர்கள் ஒரு அறக்கட்டளை தொடங்கிப் பணம் திரட்டினார்கள். 2000-ல் 152 கிலோமீட்டர் நீளமுள்ள 'ஒடாகோ சென்ட்ரல் ரயில் டிரெயில்' முழுமையாகத் திறந்தது. நடப்பவர்கள், சைக்கிள், குதிரை மட்டும் போகலாம். மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை.

ரயில் தடத்தில் ஓட்டுவதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் அந்தக் காலத்து இன்ஜினீயர்கள் மலையைக் குடைந்து, பள்ளத்துக்குப் பாலம் போட்டு, மெதுவாக ஏறும்படிதான் பாதை அமைத்தார்கள். 50 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம், அதற்கு மேல் பெரிதாகப் போகாது. விளைவு: பூல்பர்ன் போன்ற கரடுமுரடான மலையிடுக்கில்கூட 10 வயதுப் பிள்ளையும் 70 வயதுத் தாத்தாவும் ஒன்றாகச் சைக்கிள் மிதிக்க முடிகிறது. சுரங்கத்துக்குள் மட்டும் டார்ச் தேவை.

வழியில் இருந்த ஊர்கள் ரயில் போனபிறகு களையிழந்து போய்க்கொண்டிருந்த ஊர்கள். இப்போது அங்கே சைக்கிள் வாடகைக் கடை, தங்கும் விடுதி, டீக்கடை. இதைப் பார்த்துத்தான் 2009-ல் நியூசிலாந்து அரசு, நாடு முழுக்கச் சைக்கிள் பாதைகள் அமைக்க 5 கோடி நியூசிலாந்து டாலர் ஒதுக்கியது.

அணை மூழ்கடித்த இடத்திலும் பாதை வந்தது

சரி, கிளைடு அணை கட்டிய பிறகு அந்த மலையிடுக்கு என்ன ஆனது? 1990-களின் தொடக்கத்தில் தண்ணீர் நிரம்பியது. பழைய குரோம்வெல் ஊரின் ஒரு பகுதியும், பழைய ரயில் தடமும் டன்ஸ்டன் ஏரிக்கு அடியில் போய்விட்டன. இனி ரயில் தடம் என்ற வசதி கிடையாது. எதிரே பாறைச் சுவர், கீழே ஏரி.

அந்தப் பாறையிலேயே 2021 மே மாதம் 'லேக் டன்ஸ்டன் டிரெயில்' திறந்தார்கள். 55 கிலோமீட்டர். சில இடங்களில் பாறையைக் குடைய வழியில்லாமல், பால்கனி மாதிரி பாலத்தைப் பாறையில் இருந்து வெளியே தொங்கவிட்டிருக்கிறார்கள். அதன் மேல் ஓட்டும்போது காலுக்குக் கீழே நேராகத் தண்ணீர்தான்.

எல்லாமே வெற்றிக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். அதே ஆற்றில் இன்னும் கீழே இருக்கும் ராக்ஸ்பர்க் மலையிடுக்குப் பாதை 2013-ல் திறந்தது. ஆனால், நடுவில் சுமார் 12 கிலோமீட்டருக்குப் பாதையே இல்லை. சைக்கிளை படகில் ஏற்றி அந்தப் பக்கம் போய் இறங்கி, மறுபடி மிதிக்க வேண்டும்.

நம்ம காவிரியில் ஓட்டலாமா?

மலையிடுக்கு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஒகேனக்கல். அதற்கு மேலே கர்நாடக எல்லையில் மேகேதாட்டு. தமிழில் 'ஆடு தாண்டும் காவிரி'. ஆடு தாண்டிவிடும் அளவுக்கு ஆறு குறுகிப் பாறைக்குள் போவதால் வந்த பெயர். கிராவல் பைக் வைத்திருக்கும் யாருக்கும் மேப்பில் இந்த இடத்தைப் பார்த்ததும் கை பரபரக்கும்.

ஆனால், இங்கே பிரேக் பிடிக்க வேண்டும். 2014-ல் 504 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி வடக்கு வனஉயிரின சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு சரணாலயமும் வந்தது. ஆற்றின் அந்தப் பக்கம் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம். மூன்றும் சேர்ந்து யானைகள் இடம்பெயரும் பெரிய காட்டுப் பகுதி. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். 'ஜிபிஎஸ்ஸில் பாதை காட்டுது' என்பதெல்லாம் அங்கே செல்லாது. காட்டுப் பாதை அங்கே இருக்கிறது என்றால், முதலில் அது யானைக்கும், வனத்துறைக்கும், அங்கேயே வாழும் மக்களுக்கும்தான்.

இது வெறும் விதிமுறை விஷயமும் இல்லை. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் டிரெக்கிங் போன குழு காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போன இளைஞர்களும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு மாநில அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது.

அதே நேரத்தில், கதவு முழுசாக மூடியே இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. 40 பாதைகள், ஆன்லைன் முன்பதிவு, உள்ளூர் மக்களே வழிகாட்டிகள். எந்தப் பாதையில் போகலாம், எப்போது போகக் கூடாது என்பதை வனத்துறை முடிவு செய்கிறது. இது கால்நடையாகப் போகிறவர்களுக்கான திட்டம். சைக்கிளுக்கும் இதே மாதிரி சில பாதைகளை, காட்டின் உள்பகுதியைத் தொடாமல், விளிம்பு கிராமங்களை ஒட்டி அடையாளப்படுத்த முடியாதா என்பது நியாயமான கேள்வி. பதில் வரும்வரை வெளியே நிற்பதுதான் சரி.

கண்டிகோட்டா எப்படி?

சென்னையிலிருந்து சுமார் 350 கிலோமீட்டரில், ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்தில் இருக்கிறது கண்டிகோட்டா. எர்ரமலைக் குன்றுகளைப் பெண்ணாறு அறுத்துக்கொண்டு போகும் இடம். தெலுங்கில் 'கண்டி' என்றால் மலையிடுக்கு, 'கோட்டா' என்றால் கோட்டை. சிவந்த பாறை அடுக்குகள் பலகை பலகையாக அடுக்கியது மாதிரி நிற்கும். ஆற்றோடு முடியும் கோட்டைக்குள் மாதவராயர் கோயில், ஜும்மா மசூதி, பழைய தானியக் கிடங்கு. இன்ஸ்டாகிராமில் 'இந்தியாவின் கிராண்ட் கேன்யன்' என்று பார்த்திருப்பீர்கள்.

சைக்கிளுக்கு இங்கே இரண்டு நல்ல விஷயங்கள். ஒன்று, கோட்டைப் பக்கம் நீங்கள் சரணாலயத்துக்குள் நிற்கவில்லை, சுற்றுலாத் தலத்தில் நிற்கிறீர்கள். இரண்டு, ரயிலில் போகலாம். சென்னை - மும்பை தடத்தில் இருக்கும் முத்தனூரு நிலையத்தில் இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மிதிக்கிற தூரம்தான். சைக்கிளை ரயிலில் லக்கேஜாக புக் செய்து கொண்டுபோகலாம்.

எச்சரிக்கையும் இரண்டு. ஒடாகோ போலக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் தொடர்ச்சியான சைக்கிள் பாதையை இங்கே எதிர்பார்க்காதீர்கள். கோட்டைக்கு வரும் ரோட்டில் வார இறுதியில் கார்கள் வரும், மண் தடங்கள் ஊருக்கும் வயலுக்கும் போகிறவை. அடுத்தது, மலையிடுக்கின் விளிம்பில் பெரும்பாலும் தடுப்புக் கம்பி கிடையாது. சைக்கிளைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்துபோய்ப் பாருங்கள். அந்த போட்டோவுக்காக விளிம்பில் சைக்கிள் ஓட்டவே வேண்டாம்.

பெரும்பாக்கத்துக்குப் பக்கத்தில்: ஏரிக்கரை

350 கிலோமீட்டர் எல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை. வாரா வாரம் எங்கே போவது?

மலையிடுக்கு நம்மிடம் இல்லை. ஆனால், மண் பாதை இருக்கிறது, அதுவும் நூற்றுக்கணக்கில். நீர்வளத் துறை கணக்கில் செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் 528 ஏரிகள், காஞ்சிபுரத்தில் 381. ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு கரை. கரையைப் பலப்படுத்தும்போது அதன் மேல் கொட்டி இறுக்குவது எது? அதே கிராவல்தான். மாட்டு வண்டியோ டிராக்டரோ போகும் அகலம், ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் வயல், நடுவே மதகு, கடைசியில் கலங்கல். லாரி வரவே வராது என்று சொல்ல முடியாது, ஆனால் வருவதற்குக் காரணம் குறைவு.

பெரும்பாக்கத்திலிருந்து தெற்கே சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம், காரணை, தாழம்பூர் என்று உள்வழியாகப் போனால் ஓஎம்ஆரைத் தொடாமலே கேளம்பாக்கம் பக்கம் வந்துவிடலாம். அங்கிருந்து தையூர் ஏரி, இன்னும் போனால் மானாமதி பக்கத்து ஏரிகள். ஊர்களை இணைப்பது தார் ரோடுதான், அதில் டிப்பர் லாரிகள் உண்டு. ஆனால், வழியில் கிடைக்கும் ஒவ்வொரு ஏரிக்கரையும் ஒன்று, இரண்டு கிலோமீட்டர் நிம்மதி. நான் விழுந்ததற்கு அடுத்த மாதம், பழைய ஹைபிரிட் சைக்கிளில் 40 மில்லிமீட்டர் டயர் மாட்டிக்கொண்டு இப்படித்தான் தொடங்கினேன். முதல் நாள் ஒரு ஏரிக்கரையின் நடுவில் போகும்போது, அரை மணி நேரமாகத் திரும்பிப் பார்க்கவே இல்லை என்பது திடீரென்று தோன்றியது. ரோட்டில் ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர்களுக்கு இது என்னவென்று புரியும்.

எங்கே போகக் கூடாது? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குள். 2022-ல் ராம்சார் அங்கீகாரம் பெற்ற ஈரநிலம் அது. வலசைப் பறவைகள் தங்கும் இடத்தில் மேட்டு வழி தெரிகிறதே என்று சைக்கிளை இறக்காதீர்கள். நன்மங்கலம், வண்டலூர் பகுதிகளின் காப்புக்காடுகளும் அப்படியே, வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது.

லட்ச ரூபாய் சைக்கிள் வேண்டுமா?

வேண்டாம். பிராண்டட் கிராவல் பைக் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். 40 மில்லிமீட்டர் டயர் உள்ளே போகும் அளவுக்கு ஃபிரேமில் இடம் இருக்கும் எந்த ஹைபிரிட் சைக்கிளும் ஏரிக்கரைக்குப் போதும்.

இன்னும் சொல்லப்போனால், தமிழ்நாட்டுக்கு கிராவல் சைக்கிளிங் புதுசே இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கல் குவாரியில் வேலை பார்த்த பெண்கள் உட்பட பல்லாயிரம் பேர் ஓட்டக் கற்றார்கள். அவர்கள் ஓட்டியது எந்த ரோட்டில்? பெரும்பாலும் கிராமத்து மண் ரோட்டில்தான், அதுவும் கனமான சாதா சைக்கிளில். பிளஸ் 1-ல் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் வரப்பு, வாய்க்கால் மேடு எல்லாம் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டே சிரிப்பீர்கள்.

கிளம்பும் முன் கவனிக்க

முள்: ஏரிக்கரை என்றால் சீமைக் கருவேலம் இருக்கும். அதன் காய்ந்த முள் எந்த டயரையும் துளைக்கும். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் அந்தத் திரவம் இங்கேதான் காப்பாற்றும். டியூப் உள்ள சைக்கிள் என்றால் இரண்டு உபரி டியூப், பம்ப், டயர் கழற்றும் லீவர் கட்டாயம்.

மழை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கரைக்குப் போக வேண்டாம். ஈர மண் சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அப்பிக்கொண்டு சைக்கிளை நகர விடாது. அதைவிட முக்கியம், ஈரக் கரையில் சக்கரத் தடம் விழுந்தால் கரைக்கே கெடுதல். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம்.

தண்ணீர்: இரண்டு பாட்டில். ஏரிக்கரையில் கடை இருக்காது. ஏரியிலோ, வழியில் இருக்கும் கைவிட்ட கல் குவாரியிலோ குளிக்க இறங்காதீர்கள்.

துணை: தனியாகப் போகாதீர்கள். நாய், பாம்பு, பஞ்சர் எதுவானாலும் இரண்டு பேர் இருந்தால் சமாளிக்கலாம். ஆள் நடமாட்டம் இல்லாத கரையில் அதிகாலையில் தனியாகப் போவது பெண்களுக்கு எளிதல்ல என்பதும் உண்மை. நாலைந்து பேராக, நன்றாக விடிந்த பிறகு கிளம்பலாம்.

மரியாதை: கரை யாருக்கோ வேலை இடம். ஆடு மாடு வந்தால் இறங்கி நில்லுங்கள். நெல் காய வைத்திருந்தால் சுற்றிப் போங்கள். மதகை யாராவது திறந்துகொண்டிருந்தால் பெல் அடித்து விரட்டாதீர்கள்.

பாதை யாருடையது?

சைக்கிளை ஒருவர் தனியாக வாங்கிவிடலாம், பாதையைத் தனியாக வாங்க முடியாது. ஒடாகோ சொல்லும் பாடம் இதுதான். அங்கே மலையும் ஆறும் ஏற்கெனவே இருந்தன. புதிதாக நடந்தது ஒன்றே ஒன்று: பொது நிலமாக இருந்த ஒரு நீளமான பட்டையை விற்காமல், உடைக்காமல், மோட்டார் வண்டி விடாமல் வைத்திருப்பது என்று அரசும் ஊர்க்காரர்களும் முடிவெடுத்தார்கள்.

நம்மிடமும் அப்படிப்பட்ட பட்டைகள் உண்டு. ஏரிக்கரை ஒன்று. ஓஎம்ஆருக்குப் பக்கத்திலேயே வடக்கு தெற்காகப் போகும் பக்கிங்காம் கால்வாய் இன்னொன்று. தமிழ்நாட்டுக்குள் மட்டும் அதன் நீளம் 163 கிலோமீட்டர். ஒரு காலத்தில் ஆட்கள் அதன் கரையில் நடந்து கயிறு கட்டிப் படகை இழுத்தார்கள். அதாவது, நடப்பதற்கான பாதை அந்தக் கால்வாயோடு சேர்ந்தே வந்தது. இன்று அந்தக் கரையில் எத்தனை கிலோமீட்டர் தொடர்ந்து மிதிக்க முடியும்? சோழிங்கநல்லூர் பாலத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் 2023-ல் வெளிவட்டச் சாலையை ஒட்டி, மேலே சோலார் கூரை போட்ட 23 கிலோமீட்டர் சைக்கிள் தடமே திறந்துவிட்டார்கள். நமக்கு அவ்வளவு செலவுகூடத் தேவையில்லை. ஏரிகளைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தும்போது, இரு முனையிலும் கார் நுழையாதபடி நாலு கல் நட்டால் அது பாதை. கான்கிரீட் வேண்டாம், பேவர் பிளாக் வேண்டாம்.

அது சைக்கிள் கிளப்காரர்களுக்கு மட்டும் பயன்படுவதும் இல்லை. பெரும்பாக்கத்தில் ஐடி கம்பெனிக்குப் போகிறவர்களின் அப்பார்ட்மென்ட்டும் இருக்கிறது, நகரின் பல பகுதிகளிலிருந்து மறுகுடியமர்த்தப்பட்டவர்களின் ஆயிரக்கணக்கான அடுக்குமாடி வீடுகளும் இருக்கின்றன. அங்கிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சந்திக்கும் அந்த லாரியை அவர்கள் தினமும் சந்திக்கிறார்கள்.

உங்கள் பகுதியில் ஏரி தூர்வாரும் வேலை நடந்தால், கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: கரை மேல் என்ன போடப் போகிறீர்கள், அதில் யார் போகலாம்? அதுவரை, வீட்டுக்குப் பக்கத்து ஏரிக்கரையை ஒரு முறை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். முள் எங்கே இருக்கிறது, மதகு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், அடுத்த ஞாயிறு சைக்கிளோடு போகலாம்.